ஜிலாலிக்குக் கேட்காதது

ஜிலாலிக்கு எழுதத் தெரியாது. அதனால் பறவை எண்ணுகிறவர்களின் கைபேசிக் குழுவில் மற்றவர்கள் எழுதிப் போடுவதை அவர் பேசிப் போடுவார். தினம் காலையில் படகை நிறுத்தி, கைபேசியை வாயருகே பிடித்துக்கொண்டு, யாரையோ திட்டுவது போலச் சொல்லுவார்: "பூநாரை முந்நூத்தி நாப்பது. அரிவாள்மூக்கன் அறுவது. பூனைப்பருந்து ஒண்ணு, பொட்டை. பனி. அவ்வளவுதான்." அந்த 'அவ்வளவுதான்' அவருடைய கையெழுத்து மாதிரி.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை அப்படிச் சொல்லி முடித்துப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, அப்தெல்ஹஃபீத் வாத்தியாரிடமிருந்து பதில் வந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவர். குழுவின் பதிவேடு அவர் கையில்தான். ஜிலாலிக்காக அவரும் பேசித்தான் அனுப்புவார்.

"அண்ணே, உங்க குரலுக்குப் பின்னாடி ஒண்ணு கூப்பிடுதே, அது என்ன?"

ஜிலாலி தான் அனுப்பியதைத் தானே போட்டுக் கேட்டார். தன் குரல். படகின் வயிற்றில் தண்ணீர் தட்டுவது. தூரத்தில் ஓர் ஆள்காட்டி. வேறொன்றும் இல்லை.

"ஆள்காட்டி" என்றார்.

"ஆள்காட்டி எனக்குத் தெரியாதாண்ணே? அது இல்ல. ரொம்ப மெலிசு. தகரத்துல ஊசிய வச்சு இழுத்த மாதிரி. மூணு தரம் வருது." வாத்தியார் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, அது ஊசிக்காரி மாதிரி இருக்கு."

ஜிலாலி கைபேசியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு பனியைச் சுற்றிப் பார்த்தார். ஊசிக்காரிக் குருவி இந்த மெர்ஜாவை விட்டுப் போய் ஏழு வருடம். அப்படிப் பதிவேட்டில் எழுத வைத்ததே அவர்தான்.

மெர்ஜா என்றால் அட்லாண்டிக் கடல் உள்ளே வந்து போகிற உப்பங்கழி. மொராக்கோக் கரையில் எங்கள் ஊருக்குச் சோறு போடுவது அதுதான். ஜிலாலி அதில் மட்டிச் சிப்பி பொறுக்கி வளர்ந்தவர். மட்டி பொறுக்குகிறவனுக்குக் கண் இரண்டாம் பட்சம். பனி இறங்கிவிட்டால் நீட்டிய கை தெரியாது. நாணலில் எது கத்தும், சேற்றில் எது கத்தும், ஆழமான தண்ணீரில் எது கத்தும் என்று தெரிந்தவன் வீடு வந்து சேருவான். தெரியாதவனைத் தண்ணீர் வற்றிய பிறகு தேடிக்கொண்டு போக வேண்டியதுதான். அப்படித்தான் அவருக்குப் பறவை படிந்தது. பிறகு வெளிநாட்டுக்காரர்கள் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் அதைத் திருகிக்கொண்டிருக்கும்போதே ஜிலாலி கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டுவார். விரல் நீட்டிய இடத்தில் பறவை இருக்கும். ஒரு தரம்கூடத் தப்பியதில்லை.

குழுவில் ஒன்பது பேர். அவர்களுக்கு ஒரு விதி உண்டு. ஒரு பறவை பதிவேட்டில் ஏற வேண்டுமானால் படம் வேண்டும். படம் இல்லையென்றால் ஒலிப்பதிவு. அதுவும் இல்லையென்றால் இரண்டு சாட்சி. ஜிலாலிக்கு மட்டும் விலக்கு. ஜிலாலி கேட்டேன் என்று சொன்னால் அதுவே இரண்டு சாட்சி. "ஏன்னா அவருக்குக் காது ரெண்டு இருக்குல்ல" என்று மாத்தி சொல்லுவான். மாத்தி இன்னொரு படகுக்காரன். ஜிலாலியைவிடப் பத்து வயது சின்னவன். படகு புதுசு, வாய் அதைவிடப் புதுசு.

அந்த விதிக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. அதை யாரும் யோசித்ததில்லை. ஜிலாலி கேட்கவில்லை என்றால் அந்தப் பறவை இல்லை.

மெர்ஜாவின் கோடியில் பின்வாய்க்கால் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் ஆள் உயர நாணல். பத்துப் பன்னிரண்டு வருடமாக வனத்துறை அதை மூடி வைத்திருக்கிறது. கணக்கெடுக்கிற ஆள் என்று ஜிலாலிக்கு மட்டும் அனுமதி. அங்கேதான் ஊசிக்காரி இருந்தாள். கட்டைவிரல் அளவு பழுப்புக் குருவி. மூன்று வசந்தம் தொடர்ந்து போய் உட்கார்ந்துவிட்டு வந்து, "சத்தமே இல்ல. போயிட்டா" என்று ஜிலாலி சொன்னார். வாத்தியார் கண் கலங்கி எழுதினார். அத்தோடு முடிந்தது.

புதன்கிழமையும் பின்வாய்க்காலிலிருந்துதான் பேசினார். படகு எஞ்சின் பழுதாகிக் கிடந்ததால் அந்த வாரம் முழுக்கக் கோல் ஊன்றித்தான் போனார், சத்தமில்லாமல். கைபேசியும் புதுசு. பழையது தண்ணீரில் விழுந்த பிறகு குழுக்காரர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. அவர் "அவ்வளவுதான்" சொன்ன உடனே வரிசையாகப் பதில்கள் வந்தன. கெனித்ராவில் மருந்துக்கடை வைத்திருக்கும் நுஸ்ஹா, "அல்லாவே, எனக்கு மயிர் கூச்செரியுது" என்றாள். இன்னொருவர் அழுதேன் என்றார். எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. மூன்று தரம், பிறகு ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று தரம். ஜிலாலியின் குரலுக்குச் சரியாகப் பின்னால், தோளில் உட்கார்ந்து கூப்பிடுவது போல.

மாத்தி மட்டும் வேறு மாதிரிப் பேசினான்.

"நல்லா இருக்கு ஜிலாலி அண்ணே. ஒரு கையில போன், இன்னொரு கையில இன்னொரு போனா? பழைய பதிவு எவனாவது குடுத்திருப்பான். வசந்தத்துக்கு ஆள் பிடிக்கணும்ல. ஊசிக்காரி வந்துட்டான்னா இங்கிலீஷ்காரன் வரிசையில நிப்பான்."

அப்புறம் சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னான். "இல்ல, நெசமாவே வந்துட்டாளா? அப்ப நீங்க சாக்கிரதையா இருக்கணும்ண்ணே. அவ யாருக்குக் கபன் தைக்கிறாளோ, அவனுக்கு மட்டும் அவ சத்தம் கேக்காதுன்னு சொல்லுவாங்க. உங்களுக்குக் கேக்குதுல்ல?"

மட்டிக்காரர்கள் நடுவில் புழங்குகிற பழைய பேச்சு அது. சவத்துணியைத் தைக்கிறவள், தைத்து முடிக்கிற வரை அவனுக்குத் தெரியாமல் தைப்பாள். ஜிலாலி அதை அறுபது தரம் கேட்டுச் சிரித்திருக்கிறார். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"கேக்குது" என்று ஒற்றைச் சொல்லை அனுப்பினார்.

முப்பது வருடத்தில் பறவை விஷயத்தில் அவர் சொன்ன முதல் பொய் அது.

வீட்டில் மனைவி ரகிய்யா பிஸ்ஸாரா என்கிற பயறுக் கூழுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஜிலாலி பலகையில் உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்து, ஒன்றுமே இல்லாதது போலக் கைபேசியைத் தட்டினார். அவர் குரல் சமையலறையில் பேசியது. ரகிய்யாவின் கை அப்படியே நின்றது. எண்ணெய் கிண்ணம் தாண்டி வழிந்தது.

"ஏ மனுசா, உன் பின்னாடி யாரு?"

"என்ன கேக்குது உனக்கு?"

"என்ன கேக்குதா? ஊசிக்காரி தைக்கிறா, வேற என்ன. எங்கம்மா வீட்டுல இருந்தப்போ கேட்டது. இன்னொரு தரம் போடு." போட்டார். "நேத்து அனுப்பினதையும் போடு." போட்டார். ரகிய்யா துணியால் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "நேத்து தூரத்துல இருந்தா. இன்னிக்குப் பக்கத்துல வந்துட்டா. ஏ மனுசா, உனக்குக் கேக்குதுதானே?"

"கேக்காம? நான் யாரு?" என்று அதட்டிவிட்டு ஜிலாலி சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பனி இன்னும் கெட்டியாக இருந்தது. பின்வாய்க்காலில் கோலை ஊன்றிப் படகை நிறுத்தினார். அரை மணி நேரம் மூச்சைப் பிடித்து உட்கார்ந்தார். நாமக்கோழி கேட்டது. அரிவாள்மூக்கன் கூட்டம் தலைக்கு மேல் உறுமிக்கொண்டு போனது கேட்டது. தன் நெஞ்சு அடிப்பது கேட்டது. ஊசிக்காரி இல்லை. நாணல் துணி போர்த்திக்கொண்டு நிற்பது போல நின்றது.

பிறகுதான் அந்த யோசனை வந்தது. கைபேசியை எடுத்து, படகின் மூக்கைக் கிழக்கே திருப்பி, பத்து விநாடிப் பதிவு ஒன்றை அனுப்பினார். "இது எப்படிக் கேக்குது, சொல்லுங்க" என்றார், ஏதோ கைபேசியைச் சோதிக்கிறவர் போல.

"மெதுவா கேக்குது அண்ணே" என்றது ஒரு பதில்.

வடக்கே திருப்பினார். இன்னொரு பத்து விநாடி.

"இப்ப கொஞ்சம் பெருசு."

கோல் ஊன்றி முப்பது முழம் போனார். இன்னொன்று.

"யப்பா! காதுக்குள்ள வந்துட்டா!"

இப்படியே ஒரு மணி நேரம் நடந்தது. தூரத்து ஊர்களில் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள், பனிக்குள் இருக்கும் மனுசனை, அவன் தலைக்கு மேலேயே கூவிக்கொண்டிருக்கும் ஒன்றை நோக்கி ஓட்டினார்கள். இங்கே மெலிசு, இங்கே பெருசு, இன்னும் முன்னால், கடந்துவிட்டீர்கள், பின்னால், இப்போது சரியாக உங்களிடத்திலேயே. படகு நின்ற இடத்தில் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. ஜிலாலி கையை நீட்டித் துழாவினார். ஈர நாணல் விரலில் உரசியபோது விலுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

அப்போது நுஸ்ஹா தனியாகக் கூப்பிட்டாள். குழுவில் இல்லை, அவருக்கு மட்டும்.

"அண்ணே, ஒண்ணு கேக்கவா? கோவப்படக் கூடாது."

"கேளும்மா."

"ஏன் எங்கள கேக்குறீங்க?"

ஜிலாலி கோலைக் கை மாற்றிப் பிடித்தார்.

"நாங்கதானே எப்பவும் உங்கள கேப்போம். இன்னிக்கு நீங்க..."

இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியாரே வந்து சேர்ந்தார். மாத்தி சொன்னது குழுவில் வேர்விட்டிருந்தது. ஜிலாலி பதிவைப் போட்டு ஏமாற்றுகிறாரா என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டார்களாம். வாத்தியாருக்கு வனத்துறையில் ஒரு நாள் அனுமதி கிடைத்திருந்தது. முழங்கால்வரை இழுத்த ரப்பர் காலணியில் படகுத்துறையில் நின்று, "அண்ணே, நான் உங்கள நம்புறேன். ஆனா பதிவேடு என்னைய நம்பாது" என்றார்.

"ஏறு" என்றார் ஜிலாலி.

பின்வாய்க்காலுக்குள் நுழைந்த பிறகு இருவரும் பேசவில்லை. ஜிலாலி வாத்தியாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கோல் ஊன்றினார். நாணலின் நடுவில் வாத்தியாரின் தலை சட்டென்று இடது பக்கம் திரும்பியது. ஜிலாலி படகை இடது பக்கம் விட்டார். தலை மெல்ல நிமிர்ந்தது. கண்கள் ஜிலாலியின் தோளுக்கு மேல் போயின, தலையைச் சுற்றி வந்தன, மறு தோளில் நின்றன. வாத்தியாரின் முகம் வெளுத்திருந்தது.

"உங்கள சுத்தியே வருதுண்ணே" என்று கிசுகிசுத்தார்.

ஜிலாலி திரும்பவில்லை. மாத்தியின் சிரிப்பும் ரகிய்யா துடைத்துக்கொண்டே இருந்த கையும் ஞாபகத்துக்கு வந்தன. வந்தது வரட்டும் என்று திரும்பினார்.

பனி ஒரு முழம் விலகியிருந்தது. எட்டித் தொடுகிற தூரத்தில் ஒரு நாணல் தண்டு. அதில் தலைகீழ்ச் சாய்வாக ஒட்டிக்கொண்டு ஊசிக்காரி. அலகு முழுசாகப் பிளந்திருந்தது. வாயின் உள்பக்க மஞ்சள்கூடத் தெரிந்தது. தொண்டை துடித்தது, வால் நடுங்கியது, உடம்பு மொத்தமும் கத்திக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து யாரோ அலறுவதைப் பார்ப்பது போல இருந்தது.

வாத்தியாரின் கேமரா நாலைந்து தரம் சொடுக்கியது. அந்தச் சொடுக்கு ஜிலாலிக்கு நன்றாகக் கேட்டது. குருவி நாணலுக்குள் இறங்கி மறைந்தது.

"பார்த்தீங்களா! கேட்டீங்களா!" வாத்தியார் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மாத்தி வாய மூடிக்கிட்டுப் போகட்டும். எழுதிடுறேண்ணே, இங்கயே எழுதிடுறேன். பார்த்தவங்க, கேட்டவங்க: ஜிலாலி, அப்தெல்ஹஃபீத்."

குறிப்பேட்டை எடுத்துவிட்டார். பேனா மூடியைப் பல்லால் கழற்றினார். ஜிலாலி பேசாமல் இருந்தால் போதும். காது காதாகவே இருக்கும். வசந்தத்தில் இங்கிலீஷ்காரன் வருவான். விரலை நீட்டலாம். எந்தப் பக்கம் நீட்டுவது என்பதுதான் தெரியாது.

"என் பேர எழுதாத."

"ஏண்ணே?"

"பார்த்தேன். கேக்கல."

"என்ன கேக்கல? காதுக்குப் பக்கத்துலதான..."

"கேக்கல வாத்தியாரே. செவ்வாக்கெழமையும் கேக்கல, புதன்கெழமையும் கேக்கல. அன்னிக்கு கேக்குதுன்னு சொன்னது பொய்."

வாத்தியார் பேனாவை மூடினார். பிறகு தன் கைபேசியில் ஏதோ தேடி எடுத்தார். பள்ளியில் பிள்ளைகளுக்குக் காட்டுகிற ஒலி விளையாட்டு அது. கட்டைக் குரலில் ஆரம்பித்து மேலே மேலே போகும் விசில். கேட்கிற வரை விரலைத் தூக்கிக்கொண்டிருக்கச் சொன்னார். ஜிலாலி விரலைத் தூக்கினார். விசில் ஏறியது, மெலிந்தது, நின்றது. விரலை இறக்கினார்.

"நின்னுடுச்சு."

கைபேசித் திரையில் கோடு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. கரையோரம் மிதந்த முக்குளிப்பான் ஒன்று மிரண்டு தண்ணீருக்குள் போனது. வாத்தியார் முகத்தைச் சுளித்து, கடைசியில் தாங்க முடியாமல் அதை அணைத்தார்.

"எத்தன வருசமா எஞ்சின் பக்கத்துல உக்காந்திருக்கீங்க?"

"இருவத்திரெண்டு."

அதற்கப்புறம் வாத்தியார் செய்ததுதான் ஜிலாலியை உலுக்கியது. குறிப்பேட்டின் பின்பக்கத்தைப் புரட்டினார். அங்கே 'போனவை' என்று ஒரு பட்டியல் இருந்தது. ஏழு வருடத்தில் ஐந்து பெயர். ஒவ்வொன்றையும் விரல் வைத்து வாசித்தார். ஊசிக்காரி. வெட்டுக்கிளிக் குருவி. சின்ன நாணல்கோழி. மீசைக் கதிர்க்குருவி. வால்நடுங்கிக் குருவி. ஐந்தும் பின்வாய்க்கால். ஐந்தும் ஒளிந்தே கிடக்கிறவை, மெலிந்த குரல்காரிகள். ஐந்துக்கும் சாட்சி ஒரே ஒருவர்.

"கட்டக் குரல் எதுவும் போகலண்ணே" என்றார் வாத்தியார், மெதுவாக.

ஜிலாலி நாணலைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த வரைக்கும் ஏழு வருடமாக அங்கே நிசப்தம். ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கூடுதல் நிசப்தம். மெர்ஜா செத்துக்கொண்டிருக்கிறது என்று அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார். அந்த நேரமெல்லாம் அவர் தலையைச் சுற்றி ஐந்து விதமாகக் கத்திக்கொண்டிருந்திருக்கின்றன. அவர் நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் புதைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து ரகிய்யாவிடம் சொன்னார். அவள் முதலில் நம்பவில்லை. பிறகு நெஞ்சில் கை வைத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"செவிடுதானா? வெறும் செவிடுதானா? அல்ஹம்துலில்லா!" என்று அழுதுகொண்டே சிரித்தாள். "நாலு நாளா நான் கபன் துணிய அளந்துக்கிட்டிருக்கேன் மனசுல. செவிடுன்னு முதல்லயே சொல்றதுக்கு என்ன, சனியனே!"

அவளுக்கு உயிர் திரும்பிய இடத்தில்தான் அவருக்குப் போனது. அதை அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று விட்டுவிட்டார்.

திங்கள் காலை படகிலிருந்து குழுவுக்குப் பேசினார். வழக்கம்போலத் திட்டுகிற குரல்தான்.

"ஜிலாலி பேசறேன். எனக்கு மெலிசான குரல் கேக்காது. எப்பலேர்ந்துன்னு தெரியாது. போனவைன்னு நான் எழுத வச்ச அஞ்சையும் அடிச்சுடுங்க. அதுங்க போகல. புதன்கெழம ஊசிக்காரி கேக்குதுன்னு சொன்னேன், அது பொய். இனிமே என் சொல்லு ரெண்டு சாட்சி இல்ல. மெலிசான குரலுக்கு ஒரு சாட்சிகூட இல்ல. எவனாவது என் படகுல ஏறணும்னா அத தெரிஞ்சிக்கிட்டு ஏறட்டும். அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் கழித்து மாத்தியின் குரல் வந்தது. கேலி இல்லாத அவன் குரலை ஜிலாலி அதற்கு முன் கேட்டதில்லை. "அண்ணே, அப்ப பின்வாய்க்கால்ல இப்ப என்னதான் இருக்கு?"

நல்ல கேள்விதான். ஜிலாலிக்குத் தெரியாது. கைபேசியைப் படகின் மூக்கில் வைத்து, ஒரு வார்த்தை பேசாமல், முழுசாக மூன்று நிமிடம் பதிவு செய்து அனுப்பினார்.

எட்டு பேரும் கேட்டார்கள். ஊசிக்காரி, என்றார் ஒருவர். வெட்டுக்கிளிக் குருவி, இரண்டு. நுஸ்ஹா மீசைக்காரியைக் கண்டுபிடித்துக் கூச்சல் போட்டாள். நாணல்கோழியை வாத்தியார் உறுதி செய்தார். வால்நடுங்கி கடைசி அரை நிமிடத்தில் இருந்தது. ஐந்தும். ஜிலாலி ஒவ்வொரு பதிலையும் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார், அசையாத நாணலைப் பார்த்தபடி.

பிறகு வாத்தியார் கைபேசியில் கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது.

"அண்ணே, ரெண்டாவது நிமிசத்துல இன்னொண்ணு இருக்கு. ஆறாவது. அஞ்சுல எதுவும் இல்ல அது. எங்க யாருக்கும் தெரியல. பறவைக் குரல் பதிவுத் தொகுப்பு முழுக்கத் தேடிட்டோம், எதுலயும் இல்ல. ரொம்ப பக்கத்துல இருக்கு. படகுலயே உக்காந்திருக்கிற மாதிரி."

ஜிலாலி படகைப் பார்த்தார். கோல், கூடை, கயிறு.

"எப்படிக் கூப்பிடுது?" என்று கேட்டார்.

"விசிலடிச்சுக் காட்டறேன். கேளுங்க."

ஜிலாலி கைபேசியைக் காதோடு அழுத்தினார். வாத்தியார் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மறுபடி மூச்சை இழுப்பது கேட்டது.

"தெரியுதாண்ணே? உங்களுக்குத் தெரியாம மெர்ஜாவுல ஒண்ணு இருக்காது. என்ன எழுத?"

"ஜிலாலிக்குத் தெரியாதுன்னு எழுது" என்றார் அவர்.